தோழிகளுக்கு நடுவே ஒரு மீசைக்காரன்

கல்யாணமாகி முதல் ஆடிக்கு என்னை அரூரிலிருந்து தர்மபுரிக்கு அழைத்து வந்திருந்தார்கள். வந்த மறுநாளே டூரிங் கொட்டகைக்காரர்கள் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்படித்துக்கொண்டு தெருத்தெருவாக நோட்டீஸ் வீசிவிட்டுப் போனார்கள். என் அண்ணன் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார்.

“நீ உசுரா படிச்சியே, அந்தக் கதைதான். படமா எடுத்துட்டாங்க.”

இளஞ்சிவப்புத் தாளில் கதையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேர் தோளிலும் கை படுகிற மாதிரி, அரும்பு மீசை வைத்த ஓர் ஆள்.

“இது யாருண்ணா?”

“கதாநாயகன்.”

“கதையில இப்படி ஒருத்தரும் கிடையாதே.”

“ஆம்பளை இல்லாம யாரு படம் எடுப்பாங்க? போய்ப் பாரு, எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் மண்டிக்குப் போய்விட்டார்.

அந்தக் கதை தொடராக வந்தது யுத்தம் தொடங்கும் காலத்தில். அப்பாவுடைய புளி மண்டிக்கு ஒரு வாரப் பத்திரிகை வரும். மொரப்பூரிலிருந்து வந்த சின்ன ரயில்தான் அதைக் கொண்டுவரும். பிறகு யுத்தத்துக்கென்று அந்த ரயிலையே நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்குள் கதை முடிந்துவிட்டது என்பது எங்கள் அதிர்ஷ்டம். மண்டியில் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, புளிப்பு வாசனையோடு பத்திரிகை என் கைக்கு வரும். எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்கு ஓடுவேன்.

எங்கள் கொல்லைக்கும் பின்தெரு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு மண்சுவர். அந்தப் பக்கம் கன்னடம் பேசும் வைதிகக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயது. தமிழ் என்னைப் போலவே பேசுவாள், ஆனால் படிக்கத் தெரியாது. அவள் அப்பா அவளுக்குக் கன்னடம் மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்களை அவர்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அவள் அந்தப் பக்கம் துவைக்கிற கல்மேல் ஏறி நிற்பாள், நான் இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டு உரக்கப் படிப்பேன். எங்கள் சிநேகிதம் முழுக்க அந்தச் சுவர்மேல்தான் வளர்ந்தது.

கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. விடுதியோடு சேர்ந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே ஒரு வக்கீல் மகள், ஒரு சமையற்காரர் மகள். இருவரும் அடித்துக்கொள்வார்கள், கூடிக்கொள்வார்கள். ஒரு கோடை லீவில் சமையற்காரர் மகளுக்குக் கல்யாணம் நடக்கிறது. வருஷம் திரும்புவதற்குள் புருஷன் செத்துப்போகிறான். வக்கீல் மகள், அவள் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அப்பாவின் ஆபீஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். கட்சிக்காரர்கள் எல்லாம் அவளைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். கடைசியில் அந்த வக்கீலே வண்டி கட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணை அழைத்துவருகிறார். இருவரும் பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறார்கள். கதை முடிந்தது.

எங்களுக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வக்கீல் மகள் நாலு பேர் எதிரில் சமையற்காரர் மகளின் அப்பாவைக் கேலி பேசிவிடுகிறாள். ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒருநாள் சாயங்காலம் இவள் விடுதிப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது வக்கீல் மகள் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு, தேங்காய் நாரை எடுத்துச் சாம்பலில் தொட்டு, இன்னொரு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பிக்கிறாள். மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. “அடியில இன்னும் கரி இருக்கு பாரு” என்கிறாள் இவள். அவ்வளவுதான். அதை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற தோழி எத்தனை தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் என்று கணக்கே கிடையாது.

நான் படித்ததை அவள் அன்றைக்கே தன் அம்மாவுக்கும் சிக்கம்மாவுக்கும் கன்னடத்தில் சொல்லுவாள். சிக்கம்மா என்பது அவள் அம்மாவின் தங்கை. எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அறியாத வயதில் கல்யாணமாகி, அறியும் முன்பே புருஷனை இழந்து, தலை மழித்து முக்காடு போட்டு அந்த வீட்டின் பின்கட்டிலேயே இருந்தவர். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவர்கள் குரல் கேட்கும். கன்னடம் மெதுவாகப் பேசினால் புரியும். அவள் கதை சொல்லும் வேகத்தில் ஒன்றும் பிடிபடாது. சிக்கம்மா சிரிக்கிறாரா என்று மட்டும் காது கொடுப்பேன். கதையில் வரும் பெண்ணும் சிக்கம்மாவும் ஒரே விதமானவர்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. கதையில் வந்தவள் வாயாடி, மரம் ஏறுகிறவள். சிக்கம்மா நிமிர்ந்து நடந்துகூட நான் பார்த்ததில்லை.

கதை முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கெட்டி அட்டை போட்டு வைத்தேன். கல்யாணமாகிப் போகும்போதும் அதை அம்மா வீட்டிலேயே பத்திரமாக விட்டுவிட்டுப் போனேன்.

அந்த ஆடியில் என் தோழியும் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். எங்களுக்கு ஆடி, அவர்களுக்கு ஆஷாடம். இரண்டிலும் புதுப்பெண் மாமியார் வீட்டில் இருக்கக்கூடாது. அவள் அப்பாவிடம் அண்ணன் பேசி, அம்மாவும் துணைக்கு வருவதாகச் சொல்லி, ஒருவழியாக அவளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனோம்.

கொட்டகையில் பெண்களுக்கு மூங்கில் தட்டி வைத்துத் தனியாகத் தடுத்திருந்தார்கள். மணலைக் குவித்து மேடு பண்ணி அதன்மேல் உட்கார்ந்தோம். எண்ணெய் எஞ்சின் தடதடவென்று ஓடியது. படம் ஆரம்பித்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் வரப்போகிறது, பாத்திரம் துலக்கும் இடம் வரப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடம் வந்தது. பாட்டு பாதி முடிவதற்குள் போய்விட்டது. பதினாலு வயதுப் பெண்களாக வந்தவர்களுக்கு என் அத்தை வயது இருக்கும். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அப்புறம் ஒரு பங்களா, அதற்குள் ஒரு தோட்டம், தோட்டத்துக்குள் அந்த மீசைக்காரன். அவனை இவளும் பார்க்கிறாள், அவளும் பார்க்கிறாள். கதையில் வந்த ஒரு மாதச் சண்டை அவனால் வந்த சண்டையாக மாறிவிட்டது. ஒருத்தி மரத்துக்கு இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் நின்றுகொண்டு பாடினார்கள். பாத்திரமும் இல்லை, சாம்பலும் இல்லை. நடுநடுவே ஒரு குண்டு மனிதரும் அவர் பெண்சாதியும் வந்து ஒருவர் மேல் ஒருவர் மாவைக் கொட்டிக்கொண்டார்கள். ஜனங்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

சமையற்காரர் மகளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை. புருஷனும் சாகவில்லை. முக்காடும் இல்லை, வாசற்படியில் உட்கார்ந்த பிடிவாதமும் இல்லை. கடைசியில் அவள் சிநேகிதிக்காக விஷத்தைக் குடித்துவிட்டு, அவள் கையையும் மீசைக்காரன் கையையும் சேர்த்துவைத்துவிட்டுச் செத்துப்போனாள். சாகும்போதும் ஒரு பாட்டு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா அழுதாள். நான் திரும்பிப் பார்த்தால் என் தோழியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்முகிறாள்.

“நீ எதுக்கு அழுவற?” என்றேன்.

“பாவம், செத்துட்டாளே” என்றாள்.

“சாகலைடி! அவ சாகவே இல்லை! நான்தானே உனக்குப் படிச்சுச் சொன்னேன்?”

முன்னால் இருந்த அம்மாள் திரும்பி, “சத்தம் போடாத பாப்பா” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் எனக்குச் சமாதானம் சொன்னார். யுத்தத்தால் படச்சுருளுக்குக் கட்டுப்பாடு, கதையை நீட்டி எடுக்க முடியாது, வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார். “அந்தக் குண்டு ஆளு மாவு கொட்டறதுக்கு மட்டும் சுருள் இருந்துச்சா?” என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் ஏதோ மிட்டாய் கிடைக்காத குழந்தை போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை சுவரண்டை போய் நின்றேன். அவள் துணி உலர்த்த வந்தாள். இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

“படம் எடுத்தவங்க பயந்துட்டாங்க. தாலியறுத்தவளைக் கதாநாயகியாக் காட்டினா யாரும் வரமாட்டாங்கன்னு பயம். அதான் அவளைச் சாகடிச்சுட்டாங்க. அவ பள்ளிக்கூடத்துக்குப் போறதைவிட செத்துப்போறது அவங்களுக்குச் சுலபமா இருக்குது.”

அவள் புடவையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“நானும் அதைச் சொல்லலையே.”

“எதை?”

“எங்க வீட்ல கதை சொன்னப்ப. அவ புருஷன் செத்ததை நான் சொல்லவே இல்லை. அவளுக்கு ஜுரம் வந்து ஊருக்குப் போயிட்டா, தேறினதும் வக்கீல் போய்க் கூட்டிட்டு வந்தார்னு சொன்னேன்.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. “ஏன்?”

“ஏன்னா கேக்கற? சிக்கம்மா எதிர்ல உக்காந்திருக்கா. கேட்டுட்டு சிரிச்சிட்டிருக்கா. அவகிட்டப் போய், இப்ப இவ புருஷன் செத்துட்டான்னு எப்படிச் சொல்றது?”

“அது அவங்க கதைடி. அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.”

“உனக்கென்ன, படிச்சிட்டுப் போயிடுவ. அவளோட அந்த வீட்ல இருந்தது நான்.”

வருஷக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரே கதையை மனசில் வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் ஓடிய கதை வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. படம் எடுத்தவரை எனக்குத் தெரியாது, திட்டிவிட்டுப் போகலாம். இவளை என்ன செய்வது?

அப்போது கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. ஈரப் புடவையோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிக்கம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை.

“எந்தக் கதைம்மா? யாருக்குப் புருஷன் செத்துட்டான்?” என்று தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தோழி என்னை முறைத்தாள். நான் சொல்லிவிட்டேன். “நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கறப்ப வந்த கதைங்க சிக்கம்மா. உங்களுக்குச் சொன்னது பாதிதான். முழுசும் எங்கிட்ட இருக்குது. படிக்கட்டுங்களா?”

அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “மத்தியானம் அக்கா தூங்குவா. அப்ப படி” என்றார்.

அன்று முதல் தினமும் மத்தியானம் படித்தேன். சிக்கம்மா மடி கெடாமல், என் தீட்டுப் படாதபடி சுவரைவிட்டுத் தள்ளிக் கிணற்றுக் கட்டையில் உட்காருவார். தோழி முதல்நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் புரியாத சொற்களுக்குக் கன்னடம் சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் சாகும் அத்தியாயம் வந்தபோது என் குரல்தான் தடுமாறியது. சிக்கம்மா அசையவில்லை. “அப்புறம்?” என்றார். வக்கீல் மகள் ஆபீஸ் வாசற்படியில் உட்காரும் இடத்தில் மட்டும், “மழையிலயும் உக்காந்திருந்தாளா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். பார்த்தாயா என்கிற மாதிரி தோழியைப் பார்த்தேன். எனக்குள் அப்படி ஒரு பெருமிதம். படத்தை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சிக்கம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, “அவ முடி வளர்த்துக்கிட்டாளா?” என்றார்.

“என்னங்க?”

“பள்ளிக்கூடத்துக்குப் போனாளே. மொட்டைத் தலையோட போனாளா? இல்ல, அவளுக்கு எடுக்கவே இல்லையா? எடுத்திருந்தா, அங்க போனப்புறம் வளர்த்துக்கிட்டாளா?”

நான் பக்கங்களைப் புரட்டினேன். இருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் புரட்டினேன். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள் என்று ஓர் இடத்தில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள் என்று இன்னோர் இடத்தில். அவ்வளவுதான்.

“அதை எழுதலைங்க” என்றேன்.

“படம் போட்டிருக்குமே, அதைக் காட்டு.”

சுவர்மேல் வைத்து விரித்துக் காட்டினேன். அவர் எழுந்து எட்டி நின்று பார்த்தார். புருஷன் செத்த வாரத்துப் படத்தில் அவள் முக்காட்டோடு இருந்தாள். அடுத்த வாரத்துப் படத்தில், வண்டியிலிருந்து இறங்கும்போது, இடுப்பு வரை பின்னல் தொங்கியது. இத்தனை வருஷமும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

“ஒரு வாரத்துல இவ்வளவு வளர்ந்துடுச்சா?” என்று சிக்கம்மா கேட்டார். கேலி மாதிரி இருந்தது, கேலியில்லை. “எழுதினவருக்குத் தெரியலையா, படம் போட்டவருக்குத் தெரியலையா?”

“வளர்த்திருப்பாங்க சிக்கம்மா” என்றேன்.

“நீ நினைக்கறதைக் கேக்கலைம்மா. கதையில என்ன இருக்குன்னு கேட்டேன்.”

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மீசைக்காரனை நுழைத்தவர்கள்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அதோடு, எழுதியவர்மேலும் ஆத்திரமாக வந்தது. வாசற்படி, மழை, வண்டி, மாடு எல்லாவற்றையும் எழுதியவருக்கு, அவளைப் போல இருக்கிற ஒருத்தி முதலில் என்ன கேட்பாள் என்று தோன்றாமல் போனது எப்படி? இதைக்கூட யோசிக்காத கதைக்காகவா நான் ஊரோடு சண்டை போட்டேன்?

ஆடி முடியப்போகிற சமயம், ஒருநாள் காலை நான் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சந்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாவிதர் வந்திருந்தார். வழக்கமான முறைநாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தமும், பிறகு கத்தி தீட்டும் சத்தமும் கேட்டன. சுவருக்கு அந்தப் பக்கம், என் எதிரிலேயே, தோழி கல்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

“இதுக்குத்தான் நான் சொல்லாம இருந்தேன்” என்றாள்.

“நீ சொல்லாம இருந்தா அவர் வராம இருந்திருப்பாரா?”

“இல்ல. ஆனா அவ வேற எதையாவது நினைச்சிட்டு உக்காந்திருப்பா.”

நான் சொன்னது தப்பு என்று அன்றும் எனக்குப் படவில்லை, இன்றும் படவில்லை. ஆனால் அப்போது வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சீக்கிரமே அரூரிலிருந்து வந்து என்னை அழைத்துப் போய்விட்டார்கள்.

கொட்டகை நகர்ந்து நகர்ந்து மறுவருஷம் அரூருக்கும் அதே படம் வந்தது. என் நாத்தனார் பார்த்துவிட்டு வந்து எனக்கே கதை சொன்னார். அவள் சாகவில்லை, பள்ளிக்கூடம் போனாள் என்று சொன்னேன். “உனக்கு ஞாபகம் பிசகிடுச்சு. அவ விஷம் குடிச்சதை நான் கண்ணால பார்த்தேன்” என்றார். என் மாமியார் அதற்கு ஆமாம் போட்டார். எத்தனை பேரிடம் சொன்னேன்! தொடர்கதை படித்தவர்கள்கூட, படம் பார்த்த பிறகு, மீசைக்காரன் முதலிலிருந்தே கதையில் இருந்தான் என்று சாதித்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு தோழியைப் பெங்களூரில் அவள் வீட்டில் பார்த்தேன். இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக சிக்கம்மாவை வரவழைத்தவள், அங்கேயே நிறுத்திக்கொண்டுவிட்டாள். சிக்கம்மா குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முக்காடு நழுவியிருந்தது. உள்ளே கட்டையாக, நரையும் கருப்புமாக முடி.

நான் தோழியைத் தனியே இழுத்துப்போய், “கதை கேட்டதனாலயா?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“கதையுமில்ல ஒண்ணுமில்ல. இங்க வந்து முடி எடுக்கறவங்க கிடைக்கலை. நானும் தேடலை” என்றாள்.

சரி, அதை விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எப்படியோ அந்தப் படத்துக்கு வந்தது. பெங்களூரில் ஒரு கொட்டகையில் அது திரும்ப ஓடியதாம். சிக்கம்மாவையும் மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம்.

“சொல்லுங்க சிக்கம்மா, எது நல்லா இருந்தது? நான் படிச்சதா, படமா?”

சிக்கம்மா யோசிக்கவே இல்லை. “படந்தான். அந்த மாவு கொட்டறவன் வரானே, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு.”

தோழி என்னைப் பார்க்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது. எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உண்மையில் பஸ்ஸுக்கு இன்னும் ரொம்ப நேரம் இருந்தது.